மக்கள் பங்கேற்கும் ஊரமைப்பு: மாணவர்க்குச் செயல்முறைப் பயிற்சி

ஆந்திரப் பிரதேசத்தின் தென்பகுதியில், தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைக்கு அண்மையில் அமைந்துள்ளது சத்தியவேடு. 1960 ஏப்ரல் முதல் நாள் வரை இவ்வூர் சென்னை மாநிலத்தின் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது சத்தியவேடு ஆந்திரத்துக்குச் சென்றது. பின்னர் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் புதிதாக அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. மாவட்டமும் மாநிலமும் மாறினவேயன்றி மக்களின் பேச்சு மாறவில்லை. தெலுங்கும் தமிழும் இன்றும் ஒரே தெருவில் வழங்குகின்றன.

இவ்வட்டாரத்தின் அண்மைக்கால வரலாற்றில் பெரிய மாற்றம் ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம். சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களில் 7,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் 2008 முதல் அது வளர்ந்து வருகிறது. தொழில் நகரத்தின் உட்பகுதிக்கு வல்லுநர்கள் வரைந்த திட்டம் உண்டு. ஆனால் இத்தகைய தொழில் நகரங்களின் வேலிக்கு வெளியே நிலைமை வேறு. வீட்டின் பின்புறத்தில் வாடகை அறைகள் எழுகின்றன, வயலுக்குச் சென்ற வண்டிப்பாதை பேருந்துச் சாலையாகிறது, ஏரிக்கால்வாய் சாக்கடையாகிறது. இந்த மாற்றங்களைத் திட்டமிடுவது யார், எவரைக் கேட்டுத் திட்டமிடுவது என்பது ஊரமைப்பு பயிலும் மாணவர் முன்னுள்ள முதன்மையான வினா. வகுப்பறையில் கேட்டு இதற்கு விடை காண இயலாது. செய்தே கற்க வேண்டியிருக்கிறது.

சட்டம் கூறும் பங்கேற்பு

பங்கேற்பு என்னும் சொல் சட்டத்துக்குப் புதிதன்று. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் திட்டமிடும் பொறுப்பைத் தந்தன. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகராட்சிகளில் வார்டுக் குழுக்கள் அமைய வேண்டும். சத்தியவேட்டைச் சுற்றியுள்ள கிராமங்கள் போன்றவற்றுக்கு உள்ள மன்றம் கிராம சபையே. நகரமைப்புச் சட்டங்கள் வேறொரு வழியையும் வைத்துள்ளன: வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, குறித்த நாட்களுக்குள் ஆட்சேபங்களைக் கேட்பது. இதில் ஒரு குறை உண்டு. வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவரும், தம் பெயரில் நிலம் உள்ளவரும், அலுவலகத்துக்கு வர ஒருநாள் கூலியை இழக்க இயன்றவரும் மட்டுமே ஆட்சேபம் தெரிவிக்கின்றனர்.

அமெரிக்காவின் ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். மக்களை ஏமாற்றுவது கீழ்ப்படி. மக்களே நிர்வகிப்பது மேற்படி. தகவல் அளிப்பதும் கருத்துக் கேட்பதும் இடைப்படிகள். நமது ஆட்சேப நடைமுறை எந்தப் படியில் நிற்கிறது என்று மாணவரை எழுதச் சொல்வது தேர்வு வினாவாகப் பயன்படலாம். அதை ஒரு படி உயர்த்துவது எப்படி என்பதைக் களத்தில்தான் கற்க முடியும்.

கெடிஸ் காட்டிய வழி

இந்தக் களக் கல்விக்கு நம் மண்ணிலேயே நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த உயிரியல் அறிஞர் பாட்ரிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின்பேரில் 1914இல் இந்தியா வந்தார். அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த நகரக் கண்காட்சிப் படங்கள் தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. சென்னைத் துறைமுகத்தின்மீது 1914 செப்டம்பர் 22 அன்று குண்டு வீசிய அதே எம்டன் கப்பல் சில வாரங்களில் இந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. நண்பர்கள் புதிதாகப் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது.

அதன்பின் கெடிஸ் மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய குடியிருப்புகளின் நடுவே நேர்கோட்டில் அகலச் சாலை வெட்டும் பொறியாளர் வழக்கத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். இடிந்த வீட்டை மட்டும் அகற்றி, கிணற்றையும் மரத்தையும் காத்து, சந்துகளைச் சிறு திறந்தவெளிகளோடு இணைத்தால் குறைந்த செலவில் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும் என்பது அவர் முறை. இம்முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. வீடு வீடாக நடந்து பார்க்காதவர் இதைச் செய்ய முடியாது. நேர்கோட்டை அலுவலக மேசையிலிருந்தே வரையலாம். எந்த வீட்டை விட்டுவிடலாம் என்பதைத் தெருவில் நின்றே முடிவு செய்ய வேண்டும். திட்டத்துக்கு முன் ஆய்வு என்று அவர் வலியுறுத்தியதன் பொருள் இதுவே.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் சுவையானது. கொள்ளைநோயால் அல்லலுற்ற அந்நகரில், தீபாவளியை ஒட்டி ஒரு பெரும் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்கள் நன்றாகத் துப்புரவு செய்யப்படுகின்றனவோ அவ்வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவிக்கப்பட்டது. ஊர்வலப் பெருமைக்காகத் தெருக்கள் போட்டியிட்டுத் துப்புரவாயின. நோயின் உருவமும் எலியின் உருவமும் ஊர்வலத்தில் சென்றன. மக்களின் வழக்கத்திலிருந்தே திட்டத்தின் கருவியை எடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது. 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறைப் பேராசிரியரான அவர், நகரத்தையே ஆய்வுக்கூடமாகக் கருதிக் கற்பித்தார்.

விடுதலைக்குப்பின் வளர்ந்த நகரமைப்புக் கல்வி நிலையங்கள் வரைகூடப் பயிற்சியைப் பாடத்திட்டத்தின் நடுநாயகமாக வைத்தன. அது நல்லதே. ஆனால் வரைகூடத்தில் பேராசிரியர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார், நிலப்பயன் வரைபடம் இருக்கிறது. குடியிருப்பவர் மட்டும் இல்லை.

நடையும் தரைப்படமும்

ஊரமைப்பு மாணவர் குழு ஒன்று சத்தியவேடு வட்டாரத்துக்கு ஒரு பருவப் பயிற்சிக்காக வருவதாகக் கொள்வோம். அவர்கள் கையில் முதலில் கிடைப்பது வருவாய்த் துறையின் கிராம வரைபடம். பழைய சென்னை மாகாண நில அளவையில் இவை ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டவை. அதாவது 330 அடி நீளம் ஓர் அங்குலத்தில் அடங்கும். 20 அடி அகலமுள்ள ஒரு வீடு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. பென்சிலின் ஒரு புள்ளி. வயலின் வரப்பைக் காட்டுவதற்காக எழுந்த படத்தில் குடிசை தெரியாமல் போவது இயல்பே. இந்தக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கச் செய்வது முதல் நாள் பயிற்சியாக அமையலாம். படத்தில் இல்லாதது ஊரிலும் இல்லை என்ற மயக்கம் அதனால் நீங்கும்.

அடுத்தது நடை. ஊர்க்காரர் இருவர் மூவருடன் ஊரின் ஓர் எல்லையிலிருந்து மறு எல்லை வரை நடந்து செல்வது. வழியைத் தேர்ந்தெடுப்பவர் ஊர்க்காரராக இருத்தல் வேண்டும். தண்ணீர் எடுக்கும் பெண்ணோடு நடந்தால் ஓர் ஊரும், கடைக்காரரோடு நடந்தால் வேறோர் ஊரும் தெரியும். ஒரே தெருவைக் காலையிலும் ஆலைப் பேருந்துகள் வந்து நிற்கும் வேலைமுறை மாற்ற நேரத்திலும் இருமுறை நடந்து பார்ப்பது அவசியம். பேருந்து நிழற்குடை எங்கே வேண்டும் என்பது இரண்டாம் நடையில்தான் விளங்கும்.

தரைப்படம் என்பது 1980களின் பிற்பகுதியில் நம் நாட்டின் ஊரகப் பணிகளில் பரவிய முறை. கர்நாடகத்தின் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்கள் இதை வளர்த்தன. இங்கிலாந்தின் ராபர்ட் சேம்பர்ஸ் இதைப் பற்றி விரிவாக எழுதி உலகெங்கும் பரப்பினார். மக்கள் தம் ஊரைத் தாமே தரையில் வரைவார்கள். கோலமாவு, செங்கல்தூள், இலை, கூழாங்கல், புளியங்கொட்டை ஆகியவை போதும். கோலம் போடும் பெண்களுக்கு ஒரு பரப்பைப் புள்ளிகளாகப் பகுத்துக் காணும் பயிற்சி இளமை முதலே உண்டு. அவர்களிடம் பென்சிலும் தாளும் கொடுத்தால் தயங்குவார்கள். மாவைக் கொடுத்தால் தயங்கமாட்டார்கள். ஆராய்ச்சியாளர் புதிதாகக் கண்டுபிடித்ததாகப் பேசும் இக்கருவி நம் வாசலில் நாள்தோறும் கிடந்ததுதான்.

மாணவருக்கு இங்கே கிடைக்கும் பயிற்சி வரைவதிலன்று, வரையாதிருப்பதில். படம் தவறாகத் தோன்றும்போது கை துறுதுறுக்கும், திருத்தக் கூடாது. தொலைவில் உள்ள பள்ளிக்கூடத்தைப் பக்கத்திலும், பக்கத்தில் உள்ள ஒரு தெருவை வெகுதொலைவிலும் ஒருவர் வரைந்தால், அது அளவுப் பிழையா, அல்லது அத்தெருவுக்கு அவர் போவதே இல்லை என்னும் சமூக உண்மையா என்று கேட்டறிய வேண்டும். இரண்டாவதாக, குச்சியை யார் பிடிக்கிறார் என்பதைக் கவனித்துக் குறித்தல் வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்வந்து முழுப்படத்தையும் வரைந்துவிட்டால் அது அவருடைய படம், ஊரின் படமாகாது. பெண்கள் தனியாகவும் ஆண்கள் தனியாகவும், சொந்த வீட்டினர் தனியாகவும் வாடகைக்கு இருப்போர் தனியாகவும் வரைந்து, பின்னர் படங்களை அருகருகே வைத்துப் பேசுவது நல்லது. படங்கள் வேறுபடும் இடங்களே ஊரின் உண்மையான சிக்கல்கள்.

எல்லைப் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். இடப்பெயர்களை மக்கள் சொல்லும் மொழியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ஏரியைத் தெலுங்கு பேசுவோர் ‘செருவு’ என்றும், தமிழ் பேசுவோர் ‘ஏரி’ என்றும் குறிப்பர். அடங்கலில் வேறொரு பெயர் இருக்கலாம். மூன்றையும் குறிக்காத படம் பாதிப்பேருக்கு அந்நியமாகிவிடும்.

மாதிரியும் கணக்கெடுப்பும்

தரைப்படம் மழையிலும் காற்றிலும் அழிந்துபோகும், உயரத்தையும் காட்டாது. எனவே அடுத்த நிலை மாதிரி. பிரிட்டனில் டோனி கிப்சன் 1970களில் உருவாக்கிய முறையில், குடியிருப்போர் தம் வட்டாரத்தின் மாதிரியை அட்டையால் தாமே செய்து, தாம் விரும்பும் மாற்றங்களை எழுதிய சீட்டுகளை அதன்மேல் வைப்பர். கூட்டத்தில் எழுந்து பேசக் கூசுபவரும் ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போகலாம். எல்லார் கண்ணும் மாதிரியின்மீது இருப்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டையிடுவது குறைகிறது.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. நூறில் ஒரு பங்கு அளவில் ஒரு தீப்பெட்டி ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் மூன்றரை மீட்டர் அகலமும் உள்ள வீடாகும். வாடகை அறைக்கு அது பொருத்தமான அளவே. 300 மீட்டர்த் தெரு 3 மீட்டர் பலகையில் அடங்கும். மாணவர் தீப்பெட்டியை அடுக்கிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் நிற்கும் சிறுவன் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, சாக்கடை மறுபக்கம் ஓடுகிறது என்று திருத்துவான். அந்தத் திருத்தத்தை ஏற்று, தீப்பெட்டியைப் பிய்த்து ஒட்டுவது ஒரு சிறந்த பாடம்.

மாதிரியின் மிகப் பெரிய வடிவத்தை பம்பாயின் நடைபாதைவாசிப் பெண்கள் காட்டினர். நடைபாதைவாசிகளின் வழக்கில் உச்சநீதிமன்றம் 1985 ஜூலையில் தீர்ப்பளித்தது: வாழ்க்கைத்தொழில் உரிமை வாழும் உரிமையில் அடங்கும், ஆயினும் உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்று. அகற்றுவதாயின் எத்தனை பேரை, அவர்கள் யார் என்ற கணக்கு எவரிடமும் இல்லை. 1984இல் தொடங்கப்பட்ட ஸ்பார்க் என்னும் அமைப்பு நடைபாதைவாசிகளைக்கொண்டே அவ்வாண்டில் கணக்கெடுத்தது. ‘கண்ணுக்குத் தெரியாத நாங்கள்’ என்ற பொருளில் தலைப்பிட்டு அது வெளிவந்தது. அதன்பின் அப்பெண்கள் தாம் விரும்பும் வீட்டைத் துணியாலும் மரச்சட்டத்தாலும் உண்மை அளவிலேயே கட்டிப் பார்த்தனர். சமையலிடம் எவ்வளவு, பரணுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்பவற்றை உள்ளே நின்று முடிவு செய்தனர். ஒரு மாணவர் தாம் வரைந்த 20 சதுர மீட்டர் அறையைத் தரையில் சுண்ணாம்பால் கோடிட்டு, ஐவர் கொண்ட குடும்பத்தை அதில் நின்று பார்க்கச் சொன்னால், பாடநூலின் பத்துப் பக்கங்களை அது ஈடு செய்யும்.

கணக்கெடுப்பு பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. புறம்போக்கில் குடியிருப்போரையும், வாடகைச் சீட்டின்றித் தங்கியிருக்கும் வெளியூர்த் தொழிலாளரையும் வீடுவீடாகக் குறித்த படம் அவர்களுக்குப் பாதுகாப்பும் ஆகலாம், கேடும் ஆகலாம். குடிநீர்க் குழாய் அவர்கள் வரை நீள அந்தப் படம் உதவும். அவர்களை அகற்ற வருபவருக்கும் அதே படம் வழிகாட்டும். ஆகவே எதைப் படத்தில் இடுவது, எதை விடுவது, யாரிடம் கொடுப்பது என்பவற்றைப் படத்துக்கு உரியவர்களே முடிவு செய்ய வேண்டும். மாணவர் தம் ஆய்வேட்டில் மதிப்பெண் பெறுவதற்காக ஒருவருடைய குடியிருப்பு பணயமாகக் கூடாது. இந்தச் செய்முறை நெறியைப் பல பாடத்திட்டங்கள் பயிற்சியின் இறுதியில் ஒரு சொற்பொழிவாக வைக்கின்றன; தொடக்கத்தில் வைப்பதே முறை.

பங்கேற்பின் விலை

பொருளியல் நோக்கில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பங்கேற்பு இலவசமன்று. பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலித் தொழிலாளி அரைநாள் கூலியை இழக்கிறார். ஓய்வூதியர் எதையும் இழப்பதில்லை. இதனால் கூட்டத்துக்கு வருவோரின் கருத்து ஊரின் கருத்தாகப் பதிவாகிறது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்தவர் எவர், அவர் இழந்தது என்ன, வராதவர் எவர் என மாணவர் ஒரு கணக்கு எழுத வேண்டும். இரவு வேலைமுறை முடிந்து திரும்பும் பெண்ணுக்கு எந்த நேரம் ஏற்றது என்று கேட்டு, அந்த நேரத்தில் அவர் தங்குமிடத்துக்கே சென்று பேசுவது களப்பணியின் ஒரு பகுதி.

பணத்தைப் பற்றிய பயிற்சியும் வேண்டும். விருப்பங்களை மட்டும் கேட்டால் பட்டியல் நீளும். நூறு புளியங்கொட்டைகளை ஓராண்டு நிதியாகக் கொடுத்து, சாக்கடை, தெருவிளக்கு, நிழற்குடை, கழிப்பிடம் ஆகியவற்றுக்கு மக்களைப் பங்கிடச் சொல்லலாம். விலையை மாணவர் முன்கூட்டியே மதிப்பிட்டு ஒவ்வொரு பணிக்கும் எத்தனைக் கொட்டை என்று எழுதி வைத்தல் வேண்டும். பராமரிப்புச் செலவுக்கு ஒதுக்காமல் எல்லாவற்றையும் கட்டுமானத்தில் போட்டுவிடுவது பொதுவான போக்கு. இதில் மக்களும் துறைகளும் ஒரே மாதிரிதான். இரண்டாம் ஆண்டுக்கென மீண்டும் நூறு கொட்டைகளைக் கொடுத்து, முதலாண்டில் கட்டியவற்றைப் பேணும் செலவை முதலில் கழித்துக்கொண்டால் விவாதம் சூடுபிடிக்கும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989இல் தொடங்கிய மக்கள் வரவு செலவு முறை இதையே உண்மைப் பணத்தைக்கொண்டு செய்தது.

கேரளம் இன்னும் விரிந்த அளவில் செய்து காட்டியது. கண்ணூர் மாவட்டத்தின் கல்லியாசேரி ஊராட்சியில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தூண்டுதலால் ஊர்த் தொண்டர்களே பயிற்சி பெற்று நிலவளப் படங்களைத் தயாரித்தனர். அந்த அனுபவமும் சேர்ந்தே 1996 ஆகஸ்டில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குச் சென்றது. நிதி உறுதியாக வரும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் மக்கள் கூட்டங்களுக்கு வந்தனர் என்பதை மறத்தலாகாது. நிதியில்லாத பங்கேற்பு ஒருமுறை நடக்கும். இரண்டாம் முறை கூடம் காலியாக இருக்கும்.

மாணவர் பயிற்சிக்கு அத்தகைய நிதி இராது. ஆகவே முதல் நாளிலேயே இதை ஊராரிடம் ஒளிவின்றிக் கூற வேண்டும். ‘நாங்கள் சாலை போட வரவில்லை; ஊர்ப்படம் ஒன்றை உங்களோடு சேர்ந்து தயாரிக்க வந்துள்ளோம்’ என்று இரு மொழியிலும் சொன்னால் சிலர் எழுந்து போகக்கூடும். எஞ்சியவரோடு செய்யும் பணி நேர்மையானதாக இருக்கும்.

மதிப்பீடும் ஒப்படைப்பும்

இப்பயிற்சியை மதிப்பிடுவது ஆசிரியர்க்குச் சிக்கலானது. அழகான வரைபடத்துக்கு மதிப்பெண் தருவது எளிது. அது பழைய வரைகூட வழக்கத்துக்கே இட்டுச் செல்லும். மாறாக, மாணவரின் முதல் வரைவு, ஊராரிடம் காட்டியபின் திருத்திய வரைவு ஆகிய இரண்டையும் கேட்டுப் பெற்று, அவற்றிடையே என்ன மாறிற்று, யார் சொல்லி மாறிற்று என்பதற்கு மதிப்பெண் வழங்கலாம். எதுவும் மாறாத வரைவு ஒன்று வந்தால், மாணவர் ஊராரிடம் கேட்கவில்லை என்றே கொள்ளலாம். ஆறு மாதப் பருவம் இதற்குப் போதாது என்ற குறை நியாயமானதே. அடுத்த ஆண்டின் மாணவர்கள் புதிய ஊரைத் தேடாமல் அதே ஊருக்குத் திரும்பி, முந்தைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் அக்குறை ஓரளவு நீங்கும்.

அலுவலர்களுக்கும் இதில் பங்குண்டு. கிராம வருவாய் அலுவலரும் ஊராட்சிச் செயலரும் தரைப்படம் வரையும் நாளில் உடனிருப்பது நன்று. ஆனால் முன்வரிசை நாற்காலியில் அமராமல் ஓரமாக நிற்பது அதனினும் நன்று. அவர்களிடம் உள்ள புல எண்களையும் மக்கள் சொல்லும் இடப்பெயர்களையும் இணைத்து ஒரு பட்டியல் தயாரித்தால், பின்னாளில் எந்தத் துறை வந்து கேட்டாலும் அது பயன்படும். மாநில எல்லைக்கு அப்பால் ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்கும் படம் சற்று நீள வேண்டும். சந்தைக்கும் மருத்துவத்துக்கும் எல்லையைக் கடக்கும் மக்களுக்கு இரு மாநிலங்களின் திட்டங்களும் எல்லைக்கோட்டில் நின்றுவிடுவது பொருந்தாது.

முடிந்த படத்தின் மூன்று படிகள் தேவைப்படும். ஒன்று கல்லூரிக்கு, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, மற்றொன்று ஊர் மக்கள் கூடும் பொது இடத்துக்கு. தெலுங்கிலும் தமிழிலும் பெயர்கள், தயாரித்த நாள், வரைந்தவர் எந்தெந்தத் தெருவினர் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருத்தல் வேண்டும். உடன்பாடு ஏற்படாத இடங்களை வழித்து மறைக்காமல், வேறு நிறத்தில் அப்படியே விட்டுவிட வேண்டும். அடுத்த கிராம சபையில் பேச்சு அங்கிருந்து தொடங்கும்.